அமெரிக்காவில் படகு ஓடும் ஆற்றின் மேல் ரயில் பாலம்: கோஸ்ட் கார்டு பெர்மிட் வாங்கும் வழி, படிப்படியாக

தூண், கர்டர், ரயில் லோடு எல்லாம் தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்தவர்கள்கூட, "இந்தப் பாலத்துக்கு பெர்மிட் வேலையை நீயே பார்த்துக்கொள்" என்று மேலாளர் சொன்னதும் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் முழித்தவன்தான். விண்ணப்பம் எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. எதற்கு முன்னால் எதைச் செய்ய வேண்டும் என்பது பிடிபடாமல்தான் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று இழுத்துக்கொண்டு போகும். அதனால் இதை வரிசையைச் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

நாம் பாலத்தை மேலே ஓடும் ரயிலிலிருந்து பார்க்கிறோம்; பெர்மிட் தரும் கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) அதைக் கீழே போகும் படகிலிருந்து பார்க்கிறது. அவர்கள் கணக்கில் உங்கள் பாலம் ஆற்றின் குறுக்கே நிற்கும் ஒரு தடங்கல், அந்தத் தடங்கல் எந்த அளவுக்கு நியாயம் என்பதுதான் கேள்வி. சட்டம் என்று பார்த்தால் 1899ஆம் வருஷத்து ஆறுகள், துறைமுகங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவும் 1946ஆம் வருஷத்துப் பொதுப் பாலச் சட்டமும். விதிகள் 33 சிஎஃப்ஆர் (கூட்டரசு விதித் தொகுப்பு) 114 முதல் 118 வரை. இந்த ஐந்து பகுதிகளையும் ஒரு மாலையில் படித்துவிடலாம், படித்துவிடுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய பாலத்தை மாற்றுவதாக இருந்தால், அதற்கு அந்தக் காலத்தில் கொடுத்த அனுமதிக் காகிதத்தை முதலில் தேடிப் பிடியுங்கள். பல ரயில் பாலங்களுக்கு அனுமதி, நாடாளுமன்றம் தனியாக இயற்றிய சட்டமாகவோ, ராணுவத் துறை ஒப்பிய வரைபடமாகவோ இருக்கும். 1967 வரை இந்த அதிகாரம் ராணுவத்திடம்தான் இருந்தது. ரயில்வே கம்பெனியின் பழைய பெட்டகத்தில் மடித்து வைத்த துணித்தாள் வரைபடம் ஒன்று கிடக்கும், அதில் எழுதியிருக்கும் உயரமும் இன்று அங்கே அளந்தால் வரும் உயரமும் ஒன்றாக இருக்காது. இந்த வித்தியாசத்தை நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னால் நல்லது. கோஸ்ட் கார்டு கண்டுபிடித்தால் அதை விளக்கவே ஒரு மாதம் போய்விடும்.

அப்புறம், அந்த இடத்தின் நேவிகேஷன் சார்ட் (படகோட்டிகளுக்கான நீர்வழி வரைபடம்), பாலம் திறந்து மூடுவதாக இருந்தால் கடந்த சில வருஷத்துத் திறப்புப் பதிவேடு, சர்வே எந்த டேட்டத்தில் (உயரம் அளக்கும் அடிப்படை மட்டத்தில்) எடுக்கப்பட்டது என்ற விவரம், இரு கரையிலும் பக்கத்து நிலக்காரர்களின் பெயரும் அஞ்சல் முகவரியும். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் கடைசியில்தான் தேடுவார்கள். அறிவிப்பு அனுப்ப அது வேண்டும், சேகரிக்கவோ நாள் பிடிக்கும்.

2. பெர்மிட் உண்மையிலேயே தேவையா?

"நேவிகபிள்" (படகு போகத்தக்க) நீர் என்றால்தான் பெர்மிட் வேண்டும்; அது ஒரு சட்டச் சொல். கண்ணுக்குப் படகு தெரிகிறதா என்பது வேறு விஷயம். கடல் ஏற்றவற்றம் தொடும் நீர் எல்லாம் அதில் வரும். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு இன்று பயன்படுகிற, முன்பு பயன்பட்ட, இனிமேல் பயன்படக்கூடிய ஆறும் வரும். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த வட்டாரத்து கோஸ்ட் கார்டு பாலப் பிரிவுக்கு இடத்தின் படத்தோடு ஒரு கடிதம் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். 2025இல் வட்டாரங்களின் எண்களை எடுத்துவிட்டுப் பெயர்கள் வைத்துவிட்டார்கள், எட்டாம் வட்டாரம் இப்போது ஹார்ட்லேண்ட். பழைய மாதிரிக் கடிதத்தை அப்படியே காப்பி அடிப்பவர்கள் இங்கேயே மாட்டுவார்கள்.

தப்பிக்க வழி மூன்று உண்டு. முதலாவது விதி 115.70: சட்டப்படி நேவிகபிள், ஆனால் நடைமுறையில் மரக்கட்டை, துடுப்புப் படகு, கனூ, சின்ன மோட்டார் படகு தவிர எதுவும் போகாத நீர் என்றால் முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, ஏற்றவற்றம் இல்லாத, வணிகத்துக்கு எந்த வகையிலும் பயன்படாத நீருக்கு 1982 சட்டம் தரும் விலக்கு. மூன்றாவது 115.40, அதாவது வழக்கமான பழுதுபார்ப்பு: தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே மாதிரி புதிதைப் போடலாம், ஆனால் கிளியரன்ஸும் (படகு போக பாலத்தின் கீழே விடும் உயர, அகல இடைவெளி) பாலத்தின் வகையும் கட்டமைப்பும் மாறக்கூடாது.

இந்த மூன்றாவதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஸ்லீப்பர் மாற்றினால் பழுதுபார்ப்பு, சரி. பழைய கர்டரை எடுத்துவிட்டு நாலு அங்குலம் ஆழமான கர்டரைப் போட்டால் அடிமட்டம் நாலு அங்குலம் இறங்கிவிட்டது, அது மாற்றம். விரிசல் விட்ட தூணைச் சுற்றி ஒரு அடி கனத்துக்கு கான்கிரீட் உறை போட்டால், படகு போகும் வழியின் இரண்டு பக்கத் தூண்களிலும் சேர்த்து இரண்டு அடி அகலம் போச்சு. அதுவும் மாற்றம்தான்.

ரோடு பாலம் பார்த்துப் பழகியவர்கள், "21 அடிக்கு மேல் நீளமான படகு போகாவிட்டால் பெர்மிட் வேண்டாமே" என்பார்கள். அந்த விலக்கு கூட்டரசு நிதியில் கட்டும் நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு உரியது, ரயிலுக்குக் கிடையாது.

விலக்கு கிடைத்தால் படகை மறந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். 1993 செப்டம்பர் 22 அதிகாலை, அலபாமாவில் மூடுபனியில் வழிதவறிய ஒரு பார்ஜ் (சரக்கு ஏற்றும் தட்டைப் படகு) தொடர் பிக் பையூ கேனட் என்ற கிளை ஓடைக்குள் நுழைந்து ரயில் பாலத்தை இடித்தது. தண்டவாளம் விலகி நின்ற பாலத்தின் மேல் சன்செட் லிமிடெட் என்ற பயணிகள் ரயில் வந்து 47 பேர் இறந்தார்கள். பார்ஜ் வரவே கூடாத ஓடை அது. தூண் டிசைனில் மோதல் விசையைச் சேர்ப்பதற்கு எந்தப் பெர்மிட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

3. தலைமை ஏஜென்சி யார் என்று முடிவு செய்யுங்கள்

சுற்றுச்சூழல் ஆய்வை யார் நடத்துவது என்பது பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஃபெடரல் ரெயில்ரோடு அட்மினிஸ்ட்ரேஷன் (கூட்டரசின் ரயில்வே துறை) மானியம் இருந்தால் வழக்கமாக அவர்கள் தலைமை, கோஸ்ட் கார்டு கூட நிற்கும். தனியார் ரயில்வே தன் சொந்தக் காசில் கட்டினால் பெரும்பாலும் கோஸ்ட் கார்டே தலைமை. புதிய ரயில் தடமே போடுகிறீர்கள் என்றால் ரயில் தடங்களை ஒழுங்குபடுத்தும் சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன் போர்டின் அனுமதியும் வேண்டும். இருக்கும் தடத்தில் பாலத்தை மட்டும் மாற்றுவதற்குப் பொதுவாக அது தேவைப்படாது. இதை முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்காவிட்டால் ஒரே ஆய்வை இரண்டு முறை எழுத வேண்டி வரும்.

ரயில்வே ஆட்கள் சில பேர், "எங்களை உள்ளூர் சட்டம் எதுவும் கட்டுப்படுத்தாது" என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். ஊராட்சியின் கட்டட விதிகள் விஷயத்தில் அது பெரும்பாலும் உண்மைதான். பாலப் பெர்மிட் கூட்டரசுச் சட்டம், அங்கே அந்த வாதம் செல்லாது.

4. படகுக்காரர்களைத் தேடிப் போங்கள்

இந்தப் படியில் செலவழிக்கும் ஒவ்வொரு நாளும் பின்னால் ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும். நேவிகேஷன் இம்பேக்ட் ரிப்போர்ட் என்ற அறிக்கையை விண்ணப்பத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். யார் யார் அந்த ஆற்றில் போகிறார்கள், அவர்களுடைய படகின் உச்சி தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம், அகலம் எவ்வளவு, ஆற்றின் மேல்பக்கம் எத்தனை மரீனா (படகு நிறுத்துமிடம்), பட்டறை, தொழிற்சாலைத் துறை, தீயணைப்புப் படகு எங்கே நிற்கிறது, வேறு வழியாகச் சுற்றிப் போக முடியுமா, மேலும் கீழும் உள்ள மற்றப் பாலங்களின் கிளியரன்ஸ் என்ன, இதெல்லாம் அதில் வரும்.

புதிதாக வந்த ஒரு பையன் ஏஐஎஸ் (படகு தன் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் கருவி) தரவை இறக்கி, அழகாக வரைபடம் போட்டு, "அதிகபட்சம் 38 அடி சார், முடிந்தது" என்று கொண்டு வந்தான். ஏஐஎஸ் கருவி எல்லாப் படகிலும் இருக்காது தம்பி என்றேன். 65 அடியும் அதற்கு மேலும் நீளமான வணிகக் கப்பல்களுக்கும் பெரிய இழுவைப் படகுகளுக்கும்தான் அது கட்டாயம், பாய்மரப் படகு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பல் டாக்டருக்கு அல்ல. சனிக்கிழமை இரண்டு பேரும் துறைக்குப் போனோம். மேலே மூன்று மைல் தள்ளி ஒரு படகுப் பட்டறை, வாசலில் மரத்தாங்கிகள் மேல் ஏற்றி வைத்த பாய்மரப் படகுகள் வரிசையாக. பட்டறைக்காரரிடம் பேச்சுக் கொடுத்ததில், அங்கே துறை கட்டும் கிரேன் பார்ஜ் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும், அதன் கையை மடக்கினாலும் 50 அடிக்குக் குறையாது என்று தெரிந்தது. அந்த ஒரு வரி இல்லாமல் அறிக்கை போயிருந்தால், பொது அறிவிப்பு வந்ததும் அந்த மனிதர் எழுதும் ஆட்சேபக் கடிதத்தில்தான் அதைத் தெரிந்துகொண்டிருப்போம்.

"கீழே இருக்கும் பாலமே 30 அடிதான், அதனால் நமக்கும் 30 போதும்" என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். அதை எழுதலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. நாளை அந்தப் பாலத்தை உயர்த்திக் கட்டினால் உங்கள் பாலம் நூறு வருஷத்துக்கு அங்கே கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இது அவர்களுக்கும் தெரியும்.

5. கிளியரன்ஸ் முடிவு வரும் வரை டிசைனை ஓட விடாதீர்கள்

அறிக்கையைப் படித்துவிட்டு, படகுக்காரர்களிடமும் கேட்டுவிட்டு, கோஸ்ட் கார்டு ஒரு முன்னோட்டக் கிளியரன்ஸ் முடிவைக் கடிதமாகத் தரும். ஆபீஸில் இதைப் பிஎன்சிடி என்போம். இது பெர்மிட் இல்லை, பொது அறிவிப்புக்குப் பிறகு மாறவும் செய்யலாம். ஆனாலும் உங்கள் பாலம் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதற்கு இதைத் தவிர வேறு அடிப்படை கிடையாது.

நான் பார்த்ததில் மிகவும் விலை உயர்ந்த தவறு இங்கேதான் நடக்கிறது. டிசைன் குழு 60 சதவீத வரைபடம் முடித்துவிடும், ஸ்டீல் எடை போட்டுவிடும், அப்புறம் பெர்மிட் ஆளைக் கூப்பிட்டு "இதற்கு ஒப்புதல் வாங்கிக் கொடு" என்பார்கள். பாலம் இன்னும் ஏழு அடி உயர வேண்டும் என்று கடிதம் வந்தால் இரு கரையிலும் தடமே மாற வேண்டும். ரோட்டில் ஏழு அடி பெரிய விஷயமில்லை, ரயிலில் பெரிய விஷயம்.

காரணம் சரிவு. சரக்கு ரயில் தடத்தில் 1 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் வைக்கத் தயங்குவார்கள். 100 அடிக்கு ஒரு அடி. அப்படியென்றால் 30 அடி கூடுதல் உயரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் 3,000 அடி நீளத்துக்குத் தடத்தை உயர்த்த வேண்டும், வளைவு சேர்த்தால் இன்னும் நீளும். நடுவில் ஒரு ஸ்டேஷனோ தெருக் குறுக்கோ இருந்தால் கதை முடிந்தது. நியூ ஜெர்ஸியில் ஹாக்கன்சாக் ஆற்றின் மேல் 1910இல் கட்டிய போர்ட்டல் சுழல் பாலத்தின் உயரம் தண்ணீரிலிருந்து 23 அடி. படகுக்காகச் சுழன்று திறந்துவிட்டுச் சரியாக மூடாமல் அமெரிக்காவின் மிகப் பரபரப்பான ரயில் தடத்தையே நிறுத்திய பாலம் அது. அதற்கு மாற்றாக வரும் பாலம் 50 அடி உயரம், திறக்கவே வேண்டாம். ஆனால் அந்த உயரத்தை எட்ட, ஏறக்குறைய இரண்டரை மைல் தடத்தையே சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது.

6. நிலையான பாலமா, திறக்கும் பாலமா

இடமும் பணமும் இருந்தால் நிலையான பாலம்தான் நிம்மதி. இல்லையென்றால் லிஃப்ட், பாஸ்கியூல் (ஒரு முனையைத் தூக்கித் திறப்பது), சுழல் என்று ஏதாவது ஒன்று. பாம்பனில் 2025இல் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி நேராக மேலே எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு லிஃப்ட் ஸ்பான் எப்படி இயங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திறக்கும் பாலம் எடுத்தால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விதி 117.5இன்படி படகு கேட்டதும் தாமதமின்றி முழுதாகத் திறக்க வேண்டும், இதுதான் பொது விதி. படகு ஒரு நீண்ட ஊதல், ஒரு குறுகிய ஊதல் கொடுக்கும். திறக்க முடிந்தால் பாலமும் அதையே திருப்பிக் கொடுக்கும், உடனே முடியாவிட்டால் ஐந்து குறுகிய ஊதல். "காலை ஆறிலிருந்து ஒன்பது வரை திறக்க மாட்டோம்" என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. நேரக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் அது 117ஆம் பகுதியில் தனி விதியாக வர வேண்டும், அதற்குத் தனி மனு, தனி அறிவிப்பு, தனிக் கருத்துக்கேட்பு. பெர்மிட்டோடு சேர்த்து ஆரம்பியுங்கள், ஆனால் இரண்டையும் ஒரே கோப்பில் குழப்பாதீர்கள்.

7. வரைபடம்: சின்னக் காகிதம், பெரிய தவறுகள்

கோஸ்ட் கார்டுக்குப் போகும் வரைபடம் 8.5க்கு 11 அங்குலத் தாளில் இருக்க வேண்டும். உங்கள் பெரிய டிசைன் தாளைச் சுருக்கி அனுப்பினால் எழுத்து கொசு மாதிரி ஆகிவிடும், திரும்பி வரும். இருப்பிடம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம், கிளியரன்ஸ், இவ்வளவு போதும். கம்பி விவரமெல்லாம் வேண்டாம்.

உயரத்தை எதிலிருந்து அளக்கிறோம் என்பதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். ஏற்றவற்றம் உள்ள இடத்தில் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், சர்வேயர் தந்த டேட்டத்தின் பூஜ்யத்திலிருந்து அல்ல. கணக்காகவே பாருங்கள்: கர்டரின் அடிமட்டம் சர்வே டேட்டத்தில் 31.4 அடி. அதே டேட்டத்தில் சராசரி உயர்நீர் 2.9 அடி. உங்கள் கிளியரன்ஸ் 28.5. வரைபடத்தில் 31.4 என்று போட்டு அனுப்பியதை நான் ஒரு தடவைக்கு மேல் திருத்தியிருக்கிறேன். உள்நாட்டு ஆறுகளில் அந்தந்த ஆற்றுக்கென்று அடிப்படை மட்டம் வேறாக இருக்கும், வட்டார ஆபீஸிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கர்டரின் மிகத் தாழ்ந்த இடத்தைத்தான் எடுக்க வேண்டும், அதில் தொங்கும் கேபிள் டிரேயும் அடங்கும்.

அகலத்தை நீரோட்டத்துக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். பாலம் ஆற்றை 60 டிகிரியில் வெட்டினால், தடத்தின் வழியாக 120 அடி இருக்கும் திறப்பு படகுக்காரருக்கு ஏறக்குறைய 104 அடிதான், தூணின் ஓரங்கள் அதிலும் கொஞ்சம் தின்னும். தூணுக்கு முன்னால் மரத் தடுப்பு போட்டால், தடுப்புக்குத் தடுப்பு உள்ள தூரம்தான் கணக்கு.

அப்புறம் மைல். நீங்கள் எழுத வேண்டியது ஆற்றின் மைல், ரயில்வேயின் மைல்போஸ்ட் அல்ல. சிரிக்காதீர்கள், ரயில் ஆபீஸில் எல்லாக் காகிதத்திலும் மைல்போஸ்ட்தான் இருக்கும், கை தானாக அதையே எழுதும். பெரும்பாலும் ஆற்று மைல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணப்படும், ஒஹாயோ ஆற்றிலோ பிட்ஸ்பர்க்கிலிருந்து கீழ்நோக்கி. இடது கரை, வலது கரை என்பதும் நீர் போகும் திசையைப் பார்த்து நிற்பவருடைய இடது வலதுதான்.

8. கூடவே ஓட வேண்டிய காகிதங்கள்

இவற்றைப் பெர்மிட்டுக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தாதீர்கள், இவை இல்லாமல் பெர்மிட் வராது. மாநிலம் தரும் நீர்த்தரச் சான்று, அதாவது 401, அதற்குச் சட்டம் ஒரு வருஷம் வரை இடம் கொடுக்கிறது. அவர்கள் அந்த ஒரு வருஷத்தை முழுதாக எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்தே திட்டமிடுங்கள். கடலோர மாநிலமாக இருந்தால் கடலோர மேலாண்மை ஒப்புதல். அருகிவரும் உயிரினங்கள் பற்றிய ஆலோசனை. ஆற்றுப் படுகை மாநிலத்துக்குச் சொந்தமென்றால் அதற்குத் தனிக் குத்தகை, ஏனென்றால் கோஸ்ட் கார்டு பெர்மிட் நில உரிமை எதையும் தராது. ஆர்மி கோர் (ராணுவப் பொறியாளர் படை) கட்டிய கரையணையைத் தொட்டால் 408 அனுமதி.

மண் கொட்டுவதற்கு ஆர்மி கோரின் 404 அனுமதி வேண்டும். பாலத்துக்கு கோஸ்ட் கார்டு அனுமதி இருந்தால் நேஷன்வைட் பெர்மிட் 15 (நாடு முழுவதற்கும் முன்கூட்டியே தந்த பொது அனுமதி) அதைப் பார்த்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். அணுகு கரைமேடு (பாலத்துக்கு ஏறிவரும் தடத்தின் மண் மேடு) அதில் அடங்காது என்பதுதான் பல பேருக்குத் தெரியாது. ரயிலில் கரைமேடுதான் நீளமானது, ஆக உங்களுக்குத் தனி 404 வேண்டியிருக்கும்.

பழைய பாலம் என்றால் பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வடக்கு டகோட்டாவில் பிஸ்மார்க், மண்டன் நகரங்களுக்கு நடுவே மிசூரி ஆற்றின் மேல் 1880களில் கட்டிய ரயில் பாலத்தை மாற்ற வேண்டும் என்று பிஎன்எஸ்எஃப் ரயில்வே கம்பெனி கேட்டபோது, அந்தப் பழைய பாலத்தை இடிக்கக் கூடாது, நடைபாலமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளூர் அமைப்பு கிளம்பியது. ஆற்றுப் படுகை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. கோஸ்ட் கார்டு முழு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்க வேண்டி வந்து, வருஷக்கணக்கில் நடந்தது. பழைய பாலத்தை விரும்புகிறவர்கள் யார் என்று முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துப் பேசுங்கள். அவர்கள் வரைபடம் முடிந்த பிறகு வந்தால் கோபத்தோடு வருவார்கள்.

9. விண்ணப்பம், பொது அறிவிப்பு

மேலே சொன்னது எல்லாம் நடந்திருந்தால் விண்ணப்பம் ஒரு வாரத்து வேலை. கோஸ்ட் கார்டு பாலப் பெர்மிட்டுக்கென்று வெளியிட்டிருக்கும் வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் வரிசையிலேயே எழுதுங்கள். சரிபார்ப்பவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்.

கோப்பு முழுமையானதும் பொது அறிவிப்பு போகும், வழக்கமாக 30 நாள். ஆட்சேபக் கடிதம் வந்தால் பதறி வக்கீலிடம் ஓடாதீர்கள், எழுதியவரோடு நேரில் பேசுங்கள். பெரும்பாலும் கட்டும் காலத்தில் தன் துறைக்குப் படகு வருமா என்பதுதான் அவர் கவலை, அதற்குப் பதில் உங்களிடம் இருக்கும். தீர்த்த விதத்தை எழுத்தில் கோஸ்ட் கார்டுக்கு அனுப்புங்கள்.

10. பெர்மிட் வந்த பிறகு

பெர்மிட்டில் எந்தத் தேதிக்குள் தொடங்க வேண்டும், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று இருக்கும். அன்றே காலண்டரில் ஏற்றுங்கள். நிதி தள்ளிப்போய்த் தேதி நெருங்கினால், கடந்துபோகும் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள்.

ஒப்பந்தக்காரர் ஆற்றில் இறக்கும் தற்காலிகத் தாங்கி, காஃபர்டாம் (தண்ணீரைத் தடுக்கும் தற்காலிக அடைப்பு), கிரேன் பார்ஜ் எல்லாவற்றுக்கும் வட்டார ஆபீஸின் ஒப்புதல் தனியாக வேண்டும். பெர்மிட் இருக்கிறதே என்று அவர் திங்கள்கிழமை காலையில் தற்காலிகத் தூண் அடிக்க ஆரம்பித்துவிட்டால் நிறுத்து உத்தரவு உங்கள் பெயருக்குத்தான் வரும். படகு வழியை அடைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னதாகவே தகவல் கொடுத்தால்தான் படகோட்டிகளுக்கான வாராந்திர அறிவிப்பில் வரும்.

விளக்குகள் 118ஆம் பகுதியில்: நிலையான பாலத்தில் வழியின் நடுவுக்குப் பச்சை, ஓரங்களுக்குச் சிவப்பு, லிஃப்ட் பாலம் மூடியிருந்தால் சிவப்பு, முழுதாக எழும்பினால் பச்சை. இதன் வரைபடத்துக்கும் தனி ஒப்புதல், பாலம் முடியும் தருவாயில் நினைவு வந்து ஓடுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது.

பழைய பாலத்தை எடுப்பதும் பெர்மிட்டின் நிபந்தனைதான். தூணை எந்த ஆழம் வரை வெட்ட வேண்டும் என்று அதிலேயே இருக்கும், எடுத்துவிட்டு ஆற்றுப் படுகையை ஸ்கேன் செய்து காட்டச் சொல்வார்கள். இந்தச் செலவை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதுங்கள். புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்ததும் பழைய தூணுக்குக் காசு ஒதுக்க யாருக்கும் மனசு வராது. கடைசியாகக் கட்டி முடித்த பாலத்தின் உயரத்தையும் அகலத்தையும் சர்வேயரை வைத்து அளந்து கோஸ்ட் கார்டுக்குக் கொடுக்க வேண்டும். சார்ட்டில் அந்த எண்தான் அச்சாகும், அதனால் அளவு எடுக்கும் நாளில் படகில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்.